வீட்டு அறையில் கனத்த இசை: எழுதுவது, பதிவு செய்வது, மிக்ஸ் செய்வது – நெல்லைப் பக்கத்துக்கான கேள்வி-பதில்

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, தென்காசி, தூத்துக்குடி வட்டாரத்தில் வீட்டு அறையில் உட்கார்ந்து மெட்டல் பாட்டு செய்கிறவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. எல்லா பதிலுக்கும் அடியில் ஒரே விஷயம்தான் ஓடுகிறது. கனம் கெயினை (ஆம்ப் ஒலியைக் கரகரப்பாக்கும் திருகை) கூட்டுவதால் வராது. வலது கை சுத்தமாக வாசித்து, அடிச் சுருதியில் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), பேஸ் கிட்டார், கிட்டார் மூன்றும் ஒன்றையொன்று மிதிக்காமல் நின்றால் கனம் தானாக வரும்.

தொடங்குவதற்கு எவ்வளவு சாமான் வேண்டும்?

கிட்டாரையும் மைக்கையும் கணினியோடு சேர்க்கும், இன்ஸ்ட்ருமென்ட் உள்ளீடு உள்ள ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஹம்பக்கர் பிக்கப் (கம்பி அதிர்வை மின் அலையாக்கும் இரட்டைச் சுருள்) உள்ள கிட்டார், மூடிய வகை ஹெட்ஃபோன், ஷூர் எஸ்.எம். 57 அல்லது 58 மாதிரி ஒரு டைனமிக் மைக், 8 ஜி.பி. ராம் உள்ள கணினி. மென்பொருளுக்கு ரீப்பர் போதும். 60 நாள் முழுதாகச் சோதித்துப் பார்த்துவிட்டு வாங்கலாம். கிட்டார் ஆம்ப்புக்கு நியூரல் ஆம்ப் மாடலர் இலவசம். பேஸ் கிட்டார் இல்லாவிட்டால் இரவல் வாங்குங்கள். கிட்டாரை ஓர் ஆக்டேவ் இறக்கி ஒப்பேற்றுவது டெமோவுக்குச் சரி, வெளியிடும் பாட்டுக்குச் சரிவராது.

ஸ்பீக்கரை முதலில் வாங்காதீர்கள். அறையைச் சரிசெய்யாமல் வாங்கும் ஸ்பீக்கர் பொய் சொல்லும்.

வீட்டில் எந்த அறையை எடுப்பது?

நீள அகலம் வேறுபடும் அறையை எடுங்கள். நம் பக்கம் புதுக் கான்கிரீட் வீடுகளில் 10க்கு 10 அடி அறை, 10 அடி உயரம் என்பது சாதாரணம். பேஸுக்கு, அதாவது அடி ஒலிக்கு, இதைவிட மோசமான அளவு கிடையாது. 10 அடிச் சுவர்களுக்கு நடுவே ஒலி 56 ஹெர்ட்ஸ் அருகே முட்டி நிற்கும். மூன்று பக்கமும் ஒரே அளவு என்றால் மூன்று மடங்காக அங்கேயே குவியும். கீழ்க் கம்பியை ‘ஏ’ சுருதிக்கு இறக்கிய டிராப் ஏ கிட்டாரில் அந்தத் திறந்த கம்பி 55 ஹெர்ட்ஸ். அந்த ஒரு சுருதி மட்டும் வீங்கிக் கேட்கும், அதைப் பார்த்து நீங்கள் குறைப்பீர்கள், வெளியே கேட்டால் பாட்டில் பேஸே இருக்காது.

10க்கு 12 அடி அறையானால் மேசையைக் குட்டைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, நீளவாட்டில் ஸ்பீக்கர் பேசும்படி உட்காருங்கள். அறையின் நட்ட நடுவில் உட்காரக் கூடாது. 12 அடி நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸ் நடுவில் அப்படியே மறைந்துபோகும். முன்சுவரிலிருந்து நாலரை அடி தூரத்தில் தலை இருக்கட்டும்.

பழைய வளவு வீடுகளின் பட்டாசலில், அதாவது கூடத்தில், மரச் சட்டமும் ஓடும் இருந்தால் அது நல்ல அறை. பேஸ் கொஞ்சம் கூரை வழியாகவே வெளியேறிவிடும். பக்கத்து வீட்டுக்கும் கேட்கும் என்பதுதான் விலை.

முட்டை அட்டை ஒட்டலாமா? பத்தமடைப் பாய்?

முட்டை அட்டையால் பயனில்லை. உச்ச ஒலியைக் கொஞ்சம் கலைக்கும், பேஸை ஒன்றும் செய்யாது, தீப்பிடித்தால் ஆபத்து. பத்தமடைப் பாய் அழகு, ஆனால் மெல்லியது. தரையில் விரித்தால் கைதட்டலின் எதிரொலி சற்றுத் தணியும், அவ்வளவுதான்.

வேலை செய்வது தடிமன். கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள ராக்வுல் (பாறை இழை) பலகையைக் கேட்டு வாங்கி, 2க்கு 4 அடி மரச் சட்டத்தில் 4 அங்குலத் தடிமனுக்கு அடுக்கி, காற்றுப் புகும் பருத்தித் துணியால் மூடுங்கள். தூத்துக்குடிப் பக்கம் பாய்லர் இன்சுலேஷன் வேலை செய்பவர்களிடமும், ஏ.சி. டக்ட் போடுபவர்களிடமும் கேட்டால் கிடைக்கும். நான்கு மூலைக்கு நான்கு, காதுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, தலைக்கு மேல் ஒன்று. பக்கச் சுவரில் எந்த இடம் என்று தெரிய, ஒருவரை முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு நகர்த்தச் சொல்லுங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரியும் இடம்தான் பலகைக்கு உரிய இடம். ராக்வுல்லைத் தொடும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம்.

காசு இல்லையென்றால் இலவம் பஞ்சு மெத்தை. பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் இரண்டு மெத்தையை ஆங்கில ‘வி’ எழுத்துப் போல் நிறுத்தினால் குரல் பதிவுக்கு அது போதும்.

கிட்டாரைச் செருகினால் ஒரே இரைச்சல். கம்பியைத் தொட்டால் குறைகிறது. கிட்டார் பழுதா?

தொட்டால் குறைவது இயல்பு. உங்கள் உடம்பே மின் இரைச்சலை வாங்கும் ஆண்டெனா. கம்பியைத் தொட்டதும் அது எர்த் ஆகிறது. தொட்டால் *கூடினால்* உள் வயரிங் தவறு. தொட்டால் விரலில் சுருக்கென்று ஏறினால் உடனே எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வீட்டு எர்த்தைப் பாருங்கள்.

மல்டிமீட்டரை ஏ.சி. அளவில் வைத்து எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 வோல்ட் வந்தால், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. பல வீடுகளில் மூன்று பின் பிளக் இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குள் வயரே வந்திருக்காது. உப்பும் கரியும் போட்ட எர்த் குழி சித்திரை வெயிலில் காய்ந்துவிட்டாலும் இதே கதைதான். வாரம் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். இரைச்சலை நிறுத்த எர்த் பின்னை உடைப்பது உயிரோடு விளையாடுவது.

எர்த் சரியாக இருந்தும் ‘ர்ர்ர்’ என்று கூர்மையாக இரைந்தால் ஃபேன் ரெகுலேட்டரைப் பாருங்கள். சுற்றித் திருப்பும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் மின் அலையை நடுவில் வெட்டி வெட்டி அனுப்புகிறது. அந்த வெட்டுதான் பிக்கப்பில் விழுகிறது. ஃபேனை முழு வேகத்தில் வைத்தால் பெரும்பாலும் போய்விடும். நிரந்தரத் தீர்வு, படிப்படியாகத் திரும்பும் கெபாசிட்டர் வகை ரெகுலேட்டர். சதுர அலை இன்வெர்ட்டரில் ஓடும்போதும் இப்படி இரையும்; மின்சாரம் இல்லாத நேரத்தில் லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டிப் பதிவு செய்யுங்கள். மிச்சத்துக்கு, பிக்கப் இரைச்சல் மிகக் குறையும் கோணத்துக்கு உங்கள் நாற்காலியைத் திருப்புங்கள். 30 பாகை திரும்பினாலே வித்தியாசம் தெரியும்.

கோயில் கொடைத் திருவிழா நடக்கிறது, கூம்புக் குழாய் ஒலிபெருக்கி அலறுகிறது. பதிவு செய்ய முடியுமா?

கிட்டார், பேஸ் நேரடியாகச் செருகிப் பதிவதால் வெளிச் சத்தம் ஏறாது. டிரம்ஸ் கணினியில் நிரலாக எழுதுவது. ஆக, குரலுக்கு மட்டும்தான் அமைதி வேண்டும். சட்டப்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை. ஆனால் கொடைக் காலத்தில் அதை நம்பித் திட்டமிட வேண்டாம். பங்குனி, சித்திரையில் கருவிகளை முடித்துவிட்டு, குரலைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று பிடித்தால் தென்காசிப் பக்கம் ஜன்னல் கதவு ஆடும் சத்தமே மைக்கில் விழும். கதவிடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள்.

எவ்வளவு கீழே சுருதி இறக்குவது? என்ன கம்பி போடுவது?

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கம்பியின் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு போகும். சாதாரண 10–46 செட்டில் (கம்பித் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு) கீழ்க் கம்பி ‘ஈ’ சுருதி, 82.4 ஹெர்ட்ஸ். அதையே டிராப் சி-க்கு, அதாவது 65.4 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் இழுவிசையில் 37 விழுக்காடு போய்விடும். கம்பி துணி காயப்போடும் கொடி மாதிரி தொய்ந்து, ஒவ்வோர் அடிக்கும் சுருதி மேலே ஏறி இறங்கும். பழைய இறுக்கம் வேண்டுமானால் கீழ்க் கம்பி டிராப் சி-க்கு 56 முதல் 58, டிராப் பி-க்கு 60 முதல் 62, டிராப் ஏ-க்கு 68 வாக்கில் இருக்க வேண்டும். அதுவும் 25.5 அங்குல ஸ்கேல் (அதிரும் கம்பியின் நீளம்) கிட்டாருக்கு.

தடித்த கம்பி போட்டால் நட்டின் (கழுத்து நுனியில் கம்பி உட்காரும் பட்டை) பள்ளம் போதாமல் சிக்கும், சுருதி திருப்பும்போது ‘டிக்’கென்று தாவும். பள்ளத்தை அளவான அரத்தால் அகலப்படுத்த வேண்டும், ஆழப்படுத்தக் கூடாது. பிறகு இன்டோனேஷன், அதாவது கழுத்து நெடுகச் சுருதி சேர்வது: 12வது ஃப்ரெட்டில் அழுத்திய சுரம் ஹார்மோனிக்கை விட ஏறியிருந்தால் சேடிலை (மறுமுனையில் கம்பியைத் தாங்கும் துண்டு) பின்னுக்குத் தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னுக்கு. ட்யூனரில் பார்க்கும்போது மென்மையாகத் தட்டாமல், பாட்டில் அடிக்கும் அதே வேகத்தில் அடித்துப் பாருங்கள்.

கடற்கரை ஊர்களில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்ததும் துடையுங்கள், உறைக்குள் சிலிக்கா ஜெல் பை போடுங்கள். கிட்டாரை மேற்குச் சுவரில் மாட்ட வேண்டாம், சாயங்கால வெயிலில் அந்தச் சுவர் அடுப்பாகக் கொதிக்கும்.

ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் சொற்றொடர்) எழுத உட்கார்ந்தால் எல்லாம் கேட்ட மாதிரியே வருகிறது. என்ன செய்யலாம்?

கையில் இருக்கும் செல்வத்தை எடுங்கள். மெட்டலில் ஃபிரிஜியன் என்று சொல்லும் சுர வரிசை நம் தோடியின் சுரங்கள்தான். ஃபிரிஜியன் டாமினன்ட் என்பது வகுளாபரணம். நேச்சுரல் மைனர் நடபைரவி, ஹார்மோனிக் மைனர் கீரவாணி. மாயாமாளவகௌளையில் ச-ரி₁, ப-த₁ இரண்டும் அரைச் சுரத் தாவல்; திறந்த கம்பியை ஷட்ஜமாக வைத்து முதல் ஃப்ரெட்டைத் தொட்டாலே பாட்டில் இருட்டு இறங்கும். கமகத்தை கிட்டாரில் காப்பியடிக்க வேண்டும் என்றில்லை, சுரங்களின் நடையை எடுத்துக்கொண்டால் போதும்.

தாளத்துக்கு ஜதி. ஏழு அடித் தாளத்தை விரலில் எண்ணித் தடுமாறுவதற்குப் பதில் ‘தகிட தகதிமி’ என்று வாயால் சொல்லுங்கள். ஐந்துக்கு ‘தக தகிட’, ஒன்பதுக்கு ‘தகதிமி தகதகிட’. முதலில் சொல், பிறகு அதே சொல்லை உள்ளங்கையால் அடைத்த கம்பியில் அடி, கடைசியில் சுரம். வாயில் நிற்காத ரிஃப் கையில் நிற்காது.

தமிழில் க்ரவுல் செய்தால், அதாவது தொண்டையால் உறுமிப் பாடினால், வரி புரியாமல் போகிறதே?

எழுத்தைப் பார்த்து எழுதுங்கள். வல்லினம் இரட்டிக்கும் இடங்கள், ‘க்க’, ‘ட்ட’, ‘த்த’, ‘ற்ற’, டிரம்ஸ் மாதிரி வெடிக்கும். அவற்றை ஸ்னேர் டிரம்மின் அடியில் வையுங்கள். ‘சுட்டெரித்த’ என்பதில் ‘ட்டெ’ அடியில் விழுந்தால் சொல் தெளிவாகக் கேட்கும். நீட்டிக் கத்தும் இடத்தில் ஆ, ஓ, ஏ போன்ற நெடில் வர வேண்டும். ‘இ’யில் நீட்டினால் தொண்டை இறுகும். வரி முடிவில் குற்றியலுகரம் வந்தால், ‘காடு’, ‘தீது’ என்பதுபோல, கடைசி ‘உ’ சத்தத்தில் செத்துவிடும். அங்கே ஓய்வு விடுங்கள், அல்லது ‘காடே’ என்று விளியாக்குங்கள்.

கிட்டாரை எந்த அளவில், எத்தனை முறை பதிவது?

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஓங்கி அடிக்கும்போது உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கட்டும். சிவப்பு விளக்கு ஒருமுறைகூட எரியக் கூடாது. பஃபர் (கணினி ஒரே தடவையில் கையாளும் ஒலித் துண்டு) 128 சாம்பிள் என்றால் ஒரு திசைக்கு 2.7 மில்லி செகண்ட் தாமதம், கை உணராது. ‘டப் டப்’ என்று உடைந்தால் மற்ற பிளகின்களை (துணை மென்பொருள்களை) அணையுங்கள். மிக்ஸிங்கின்போது 1024க்கு ஏற்றிக்கொள்ளலாம்.

ஒரே பகுதியை இரண்டு முறை வாசியுங்கள். ஒன்று முழுக்க இடது, ஒன்று முழுக்க வலது. ஒன்றை நகல் எடுத்து ஒட்டினால் அகலம் வராது, நடுவில் அதே ஒற்றை கிட்டார்தான் சத்தமாகக் கேட்கும். நகலைச் சில மில்லி செகண்ட் தள்ளிவைத்தால் மோனோவில் குழாய்க்குள் வாசிப்பதுபோல் ஆகும். இரண்டு வாசிப்புக்கும் உள்ள மயிரிழை வித்தியாசம்தான் அந்த அகலம். அந்த வித்தியாசம் மயிரிழையைத் தாண்டினால் குழப்பம். ஆகவே நான்கு பார் பிழையில்லாமல் வரும்வரை பதிவு பொத்தானைத் தொடாதீர்கள்.

உள்ளங்கையின் ஓரம் சரியாக சேடில் மேல் இருக்கட்டும். ஒரு சென்டிமீட்டர் முன்னால் போனால் சுரம் செத்து ‘தொப்’ என்று மட்டும் கேட்கும், பின்னால் போனால் ஓசை வழியும். வாசிக்காத கம்பிகள் அதிராமலிருக்க முதல் ஃப்ரெட் மேல் முடிக்குப் போடும் துணி ரப்பர் பேண்டைச் சுற்றுங்கள். திறந்த கம்பி ரிஃப்பாக இருந்தால் அதை நட்டுக்குப் பின்னால் தள்ளிவிடுங்கள்.

ஆம்ப் ஒலியோடு சேர்த்து, எதுவும் ஏறாத நேரடிப் பதிவையும் எப்போதும் சேமியுங்கள்.

ஆம்ப் மாடலரில் கிட்டார் குளவிக்கூடு மாதிரி கேட்கிறது.

கேபினெட் ஐ.ஆர். போட மறந்திருப்பீர்கள். ஆம்ப் தலைப்பகுதியின் ஒலியை 12 அங்குல ஸ்பீக்கர் வடிகட்டித்தான் நம் காதுக்குத் தருகிறது, 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அது சரசரவென்று விழும். ஐ.ஆர். என்பது அந்த ஸ்பீக்கரும் மைக்கும் சேர்ந்த பதிவு. ஈக்யூவோடு (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) மல்லாடுவதைவிட நான்கு ஐ.ஆர். மாற்றிப் பார்ப்பது மேல்.

அடுத்து, ஆம்புக்கு *முன்னால்* ட்யூப் ஸ்க்ரீமர் என்னும் ஓவர்டிரைவ் பெடல் ஒன்று. டிரைவ் பூஜ்யம், டோன் நடு, லெவல் முழுசு. அது 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே படிப்படியாகக் குறைத்து அனுப்புகிறது. பேஸ் குறைவாக உள்ளே போனால் டிஸ்டார்ஷன், அதாவது கரகரப்பு, கொழகொழக்காது. பிறகு ஆம்ப் கெயினை, தனியாகக் கேட்கும்போது ‘போதவில்லையே’ என்று தோன்றும் அளவுக்குக் குறையுங்கள். இருபக்கமும் சேர்ந்து, அடியில் பேஸும் வந்ததும் அது நிறைந்துவிடும். நம் பக்கத்துப் பதிவுகளில் அதிகம் கெடுவது இங்கேதான்.

டிரம்ஸ் இயந்திரம் மாதிரி இருக்கிறது.

எல்லா அடியும் 127 வெலாசிட்டியில் (அடியின் பலத்தைச் சொல்லும் எண், உச்சம் 127) இருக்கும், திறந்து பாருங்கள். ஸ்னேர் முதன்மை அடி 115–125, மெல்லிய கோஸ்ட் அடி 30–50, வேகமான பிளாஸ்ட் பீட் 95–110. இடது கை வலதைவிட 5 முதல் 8 குறைவாக இருக்கட்டும். வாசிப்பவருக்கு இரண்டு கை, இரண்டு கால்தான்: ஸ்னேரோடு ரைடு, கிராஷ் இரண்டு சிம்பலும் ஒரே நொடியில் விழ முடியாது. 180 பி.பி.எம்.மில் (நிமிடத்துக்கு 180 அடி) பதினாறாம் அடி டபுள் கிக் என்றால் அடிக்கு 83 மில்லி செகண்ட்தான் இடைவெளி, அந்த வேகத்தில் முழுப் பலத்தோடு அடிப்பது அரிது. கிக்கின் வெலாசிட்டியைக் குறையுங்கள்.

மகுடம் என்னும் தோல் மேளமும் உடுக்கையும் சேர்க்க ஆசை.

சேருங்கள், மனமார. சுடலைமாடன் கொடையில் கணியான் கூத்தின் உச்ச மகுடமும் மந்த மகுடமும் பேசிக்கொள்வதைக் கேட்டவர்களுக்கு, அதைவிடக் கனமான தோல் ஒலி வேண்டியதில்லை. சாம்பிள் தேடாமல் வாசிப்பவரை அழையுங்கள், கூலியைப் பேசிக் கையில் கொடுங்கள், பெயரைப் போடுங்கள்.

தோலைத் தீயில் காய்ச்சித்தான் சுருதி ஏற்றுவார்கள். ஐப்பசி மழையில் அது சீக்கிரம் இறங்கும். நான்கைந்து நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் பதியாமல், இடையில் காய்ச்ச நேரம் விடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எஸ்.எம். 57, ஓரடித் தூரம், தோலின் நடுவுக்கும் விளிம்புக்கும் இடையில் சாய்த்து. இரண்டு மைக்குக்கும் இடையில் மூன்றடியாவது இருந்தால் ஒன்றின் ஒலி மற்றதில் கலந்து மெலியாது. கிளிக் சத்தத்துக்கு அவர்களைக் கட்டாதீர்கள். அவர்கள் நடையைப் பதிந்து, பாட்டின் டெம்போவை அதற்கு வளையுங்கள்.

மிக்ஸில் கிட்டார் சுவரின் மேல் மகுடத்தை ஒட்டினால் கேட்காது. கிட்டார் நிற்கும் பாரில் மகுடம் பேச வேண்டும்.

பேஸ் கிட்டார் கேட்கவே மாட்டேன் என்கிறது.

ஒரே பதிவை இரண்டு டிராக்காகப் பிரியுங்கள். முதலாவது 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ் மட்டும், டிஸ்டார்ஷன் இல்லாமல், சத்தம் ஏறி இறங்காமல் அசையாத அளவுக்கு கம்ப்ரஸ் செய்தது. இரண்டாவது 200க்கு மேல், நன்றாக டிஸ்டார்ட் செய்தது. கைபேசி ஸ்பீக்கரில் அடிச் சுருதி வரவே வராது, அங்கே காதுக்குக் கேட்பது இரண்டாவது டிராக்தான். கிக் அடிக்கும்போது முதல் டிராக் 2–3 டெசிபல் தணியும்படி சைட்செயின் கட்டுங்கள். அதன் ரிலீஸ் (தணிந்தது பழைய அளவுக்குத் திரும்பும் நேரம்), மேலே சொன்ன 83 மில்லி செகண்டுக்குள் முடிய வேண்டும். இல்லாவிட்டால் டபுள் கிக் பகுதியில் பேஸ் எழும்பவே எழும்பாது.

குரல்?

மைக்கைக் கையால் பொத்தாதீர்கள். வாயிலிருந்து நான்கு விரற்கடை. முழுக் கத்தலில் உச்சம் மைனஸ் 10. பிறகு கம்ப்ரசரில் 6 முதல் 10 டெசிபல் தணிப்பு இந்த இசைக்குச் சாதாரணம். வெதுவெதுப்பான தண்ணீர், 20 நிமிடத்துக்கு ஒரு ஓய்வு. வலித்தால் முறை தவறு, அன்றைக்கு நிறுத்துங்கள். ஐஸ் மோர் அப்புறம்.

எல்லாம் பதிந்தாயிற்று. மிக்ஸை எங்கே தொடங்குவது?

கிக், ஸ்னேரில் தொடங்கி, பேஸ், பிறகு கிட்டார், கடைசியில் குரல். கிட்டாரை 80–90 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், அந்த இடம் பேஸுடையது. 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் தேவையில்லை. அடைத்து அடிக்கும்போது மட்டும் 100–250 ஹெர்ட்ஸ் வீங்கும். சாதாரண ஈக்யூவால் வெட்டினால் திறந்த கார்டு மெலிந்துவிடும், மல்டிபேண்ட் கம்ப்ரசரால் அந்த இடத்தை மட்டும் அமுக்குங்கள். கிக்கில் 300–400 ஹெர்ட்ஸ் அட்டைப்பெட்டி ஒலி, குறையுங்கள். அடி விழும் கூர் ஒலி 4–6 கிலோஹெர்ட்ஸில் கிடைக்கும்.

உங்களுக்குப் பிடித்த ஒரு வெளியீட்டைப் பக்கத்தில் வைத்து, உங்கள் மிக்ஸோடு ஒரே சத்த அளவுக்குக் குறைத்து மாறிமாறிக் கேளுங்கள். அளவைச் சமப்படுத்தாமல் ஒப்பிட்டால் சத்தமானதே நல்லதாகத் தெரியும்.

எவ்வளவு சத்தமாக மாஸ்டர் செய்வது?

ஸ்பாட்டிஃபை இயல்பாக மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ்.ஸுக்குச் (காது உணரும் சத்தத்தின் அளவு) சமப்படுத்துகிறது. அதைவிடச் சத்தமானதைக் குறைத்துவிடும். மெட்டலை மைனஸ் 14க்கே செய்தால் அடர்த்தி குறைந்து தெரியும். மைனஸ் 9 வாக்கில் நிறுத்தினால் அடியின் உயிரும் அடர்த்தியும் இரண்டும் தங்கும். அவ்வளவு சத்தமாகப் போனால் ட்ரூ பீக்கை (ஒலியின் உண்மை உச்சத்தை) மைனஸ் 2 டெசிபலில் வையுங்கள். உச்சத்தைத் தடுக்கும் லிமிட்டர் 3 டெசிபலுக்கு மேல் அமுக்க வேண்டியிருந்தால் குற்றம் மிக்ஸில் இருக்கிறது, பெரும்பாலும் கிக்கிலோ ஸ்னேரிலோ. அங்கே திரும்பிப் போங்கள். ஏற்றுவது 24 பிட் வேவ் கோப்பு, எம்.பி.3 வேண்டாம்.

கோப்புகளை எப்படி வைப்பது?

பாட்டுக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் எதுவும் ஏறாத நேரடிப் பதிவுகள் தனியாக. வெளி ஹார்ட் டிஸ்கில் ஒரு நகல், வேறொரு வீட்டில் இன்னொன்று. தாமிரபரணி கரை தாண்டிய 2023 டிசம்பருக்குப் பிறகு, இரண்டு நகலையும் தரைத்தளத்தில் வைக்காதீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.